எல்கையில் நிற்பவர்கள்

சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறவன் பெரும்பாலும் பார்ப்பது சாலையைத்தான். கபடி என்றால் களம் கண்ணெதிரே இருக்கிறது. சல்லிக்கட்டில் வாடிவாசலுக்கு அப்பால் நடப்பதெல்லாம் மேடையில் நிற்பவன் பார்வைக்குள்தான். சைக்கிள் பந்தயத்தில் புறப்படும்போது சில வினாடிகள் கிடைக்கும், திரும்பி வரும்போது சில வினாடிகள் கிடைக்கும். இடையில் அரை மணி நேரத்துக்கு மேல் வெறும் தார்ச்சாலை. பால்கேன் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று போகும். நாய் குறுக்கே வந்து நின்று யோசிக்கும். நாம் பார்க்க வந்த ஆள் அந்த நேரத்தில் என்ன பாடுபடுகிறார் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

இது உலகம் முழுதும் இப்படித்தான் போலும். 1903-இல் தொடங்கிய பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தைக் காண ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் மக்கள் முந்தின நாளே கூடாரமடித்துக் காத்துக் கிடக்கிறார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் காத்திருந்து, கடந்து போகிற கூட்டத்தைச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டுகிறார்கள். டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978-இல் ஒரு நாவல் எழுதினார். அமெச்சூர் வீரன் ஒருவன் ஓட்டும் ஒரே ஒரு பந்தயம்தான் அந்தப் புத்தகம் முழுதும். நல்ல புத்தகம். ஆனால் அது ஓட்டுகிறவன் எழுதியது. சாலையோரத்தில் நிற்கிறவன் எழுதுவதற்கு விஷயம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (சைக்கிள் என்று தொடங்கினாலே நம் சிற்றிதழ்க் கட்டுரைகள் டி சிகாவின் 1948-ஆம் ஆண்டுப் படத்துக்குப் போய்விடும். நான் போகப்போவதில்லை.)

எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் இதே இலக்கணம்தான். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரையின் கிழக்குப் பகுதி என்று எங்கே கோயில் திருவிழா நடந்தாலும் நோட்டீஸில் 'பெரிய மாடு போய்வர 8 மைல், சின்ன மாடு போய்வர 6 மைல்' என்று அச்சடித்திருப்பார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது ஆண்டுகள் கடந்தும் மாடுகள் மைலில்தான் ஓடுகின்றன. வண்டிகள் போய்த் திரும்பவேண்டிய இடத்துக்கு எல்கை என்று பெயர். எல்லை என்பதன் பேச்சு வழக்குத்தான், ஆனாலும் பந்தயக்காரர்கள் வாயில் அதற்குத் தனிக் கனம் உண்டு. திருவிழாக் கூட்டமெல்லாம் புறப்படும் இடத்தில் நிற்கும். எல்கையில் கொடியோடு நாலைந்து பேர் மட்டும் நிற்பார்கள். அதே திருவிழாக்களில் மாடுகள் ஓடி முடித்த சாலையில் இளைஞர்களுக்கு சைக்கிள் எல்கைப் பந்தயமும் நடப்பதுண்டு.

என் வாழ்க்கையில் இரண்டு பேரின் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்திருக்கிறேன். 1992-இல் என் அக்காள் ஓட்டியது. 2019-இல் அவளுடைய மகள் ஓட்டியது. இருவருமே பெண்கள் என்பதால் இதை எழுதலாம் என்று தோன்றுகிறது. ஆண்கள் ஓட்டியதைப் பார்த்திருந்தால் எழுதியிருப்பேனா தெரியாது.

பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது, அக்காளுக்குப் பதினைந்து. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும் என்று நினைத்தார். பாடம் நடத்தப் போகும் பெண் தொண்டர் ஊர் விட்டு ஊர் போகவேண்டும், பேருந்துக்காகவோ அண்ணன் தம்பிக்காகவோ காத்திருந்தால் இயக்கம் நடக்காது என்பது நடைமுறைக் காரணம். அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது என்பது எல்லோருக்கும் சீக்கிரமே விளங்கிவிட்டது. 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டை நகரில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி ஊர்வலமாக ஓட்டிச் சென்றார்கள். சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே பெண்கள் ஓட்டத் தொடங்கியதையும், சிலர் அதையே விரும்பியதையும் அவர் குறிப்பிடுகிறார். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே.

அக்காள் கற்றுக்கொண்டது அப்பாவின் இருபத்துநான்கு அங்குல ஹெர்குலிஸில். முதலில் குரங்குப் பெடல். கம்பிக்கு அடியில் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் வளைத்து, அரை மிதி மிதித்து ஓட்டும் அந்த வித்தையை இப்போதைய பிள்ளைகள் 2024-இல் அதே பெயரில் வந்த திரைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பையன்களுக்கு அது வேடிக்கை. பாவாடை தாவணியில் ஒரு பெண் அதைச் செய்வது அன்றைக்கு வேறு விஷயம். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. கண்மாய்க்கரையில் காலை ஐந்தரை மணிக்கு, ஆள் நடமாட்டம் தொடங்குமுன். இரண்டாம் வாரத்தில் நான் கையை விட்டுவிட்டேன் என்பது தெரியாமலே அவள் மதகு வரை போய்விட்டாள். நான் பின்னால் ஓடி வருவதாக எண்ணி வழி நெடுகப் பேசிக்கொண்டே போனாளாம்.

பயிற்சி முடிந்தபின் ஊருக்கு ஊர் சிறிய போட்டிகள் வைத்தார்கள். எங்கள் ஊரில் கண்மாய்க்கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரை, ஒரு கிலோமீட்டர்கூட இராது. பதினேழு பெண்கள். பள்ளிக்கூட வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்தது செம்மண் புழுதி மட்டும்தான். புழுதிக்குள்ளிருந்து முதலில் மணியோசைகள் வந்தன. எல்லோரும் மணியை அடித்துக்கொண்டே வந்தார்கள், யாரும் குறுக்கே இல்லாதபோதும். அக்காள் எத்தனையாவதாக வந்தாள் என்று எனக்கு நினைவில்லை. அவளைக் கேட்டால் மூன்றாவது என்கிறாள். எல்லோருக்கும் ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். என் அம்மா அன்று கூட்டத்துக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுத் திண்ணையில், வேறு எதற்கோ வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

அக்காளைக் கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். மதுரை மாவட்டத்தின் வடகோடியில், திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். மேற்கே நத்தத்துக்கும் கிழக்கே சிங்கம்புணரிக்கும் சாலைகள் பிரிகின்றன. ஊரைச் சுற்றி மலைகள், கண்மாய்கள், தென்னந்தோப்புகள். வெளியூர்க்காரர்களுக்கு அது பேருந்து நின்று போகும் ஓரிடம், அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது, மாமனார் தோட்டத்துக்குப் போவதற்காக. அக்காளை அதில் ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏறு என்றும் யாரும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று.

மச்சான் லாரி ஓட்டுகிறார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வடக்கே சரக்கு ஏற்றிப் போவார். வேலூரில் தொடங்கித் தூத்துக்குடியில் முடியும் 38-ஆம் எண் நெடுஞ்சாலைதான் அவருடைய வீடு என்று அக்காள் சொல்வாள். (பழையவர்களுக்கு இந்தப் பகுதி 45பி என்றால் புரியும்.) அந்தச் சாலை நான்குவழியாவதற்கு முன் இருபுறமும் புளியமரங்கள் இருந்தன. மரங்கள் இருந்தவரை சைக்கிள்காரனுக்கு மரத்தடி மண் என்று ஓர் ஒதுங்குமிடம் இருந்தது. இப்போது இரும்புத் தடுப்பு இருக்கிறது. மச்சான் தம் மகள் பந்தயத்துக்குப் பழகுகிறாள் என்று அறிந்த அன்று என்னைத்தான் அழைத்தார். பழக்கிவிட்டது நான் என்பது அவருக்குத் தெரியும். கோபமாகப் பேசவில்லை.

"மாப்ளே, கேபின்ல உக்காந்து பாத்தா சைக்கிளு தெரியாது. ராத்திரி பகலுன்னு இல்ல. தெரியுதுன்னு நெனைக்கிறப்ப அது சைடுல வந்துரும். நான் எத்தனை பேருக்குப் பயந்து ஸ்டேரிங்கை ஒடிச்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைய ரோட்டுல விடாதீக."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் சொன்னது வெறும் கௌரவப் பேச்சாக இருந்திருந்தால் எதிர்த்து வாதாடியிருக்கலாம். அது தொழில் தெரிந்தவனின் பயம். 'நெடுஞ்சாலைப் பக்கமே போகமாட்டோம் மச்சான், சிங்கம்புணரி ரோடு மட்டும்தான்' என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதில் எந்தெந்த வளைவில் தேங்காய் மட்டை லோடு எதிரே வரும் என்று வரிசையாகச் சொன்னார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பந்தயம் என்று நான் குறிப்பிடுவது அண்ணா பிறந்தநாளையொட்டி மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் போட்டியை. பதின்மூன்று, பதினைந்து, பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியருக்குத் தூரம் 15 கிலோமீட்டர், மாணவருக்கு 20. முதல் பரிசு 5000 ரூபாய், அடுத்து 3000, 2000. நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை தலா 250. இந்தப் போட்டியின் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளாக இருக்கவேண்டும், கியர் இருக்கக்கூடாது, பந்தய சைக்கிள் கூடாது. லட்ச ரூபாய் வண்டியோடு வருகிற பிள்ளைக்கும் அரசு கொடுத்த வண்டியோடு வருகிற பிள்ளைக்கும் இடையில் அந்த ஒரு வரி நிற்கிறது.

அரசு கொடுத்த வண்டி என்பது விலையில்லா மிதிவண்டி. 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கு என்று தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம். மேல்நிலை வகுப்பில் சேர்ந்ததும் அவளுக்கும் கிடைத்தது. அதற்கு முந்தைய பயிற்சியெல்லாம் பக்கத்து வீட்டு இரவல் வண்டியில். முன்னால் கூடை, பின்னால் கேரியர், புடவை சிக்காமலிருக்க வலை, செயினை மூடிய தகடு, கனமான ஸ்டாண்டு என்று அது குடும்பம் நடத்துகிற வண்டி. பந்தயத்துக்கு வேண்டாதவை அத்தனையும் அதில் இருந்தன.

சிங்கம்புணரிச் சாலையில் ஒரு சைக்கிள் கடை. ஒரு காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்ட கடை, இப்போது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பஞ்சர். கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. இளமையில் ஊர் ஊராகப் போய்ப் பந்தல் போட்டு இறங்காமல் ஏழு நாள் சைக்கிள் சுற்றியவர். அந்தக் கூட்டத்தையும், ஒலிபெருக்கியையும், சைக்கிளிலேயே குளித்து சைக்கிளிலேயே சாப்பிட்டதையும், ஏழாம் நாள் இறங்கியபோது தரை தம் பக்கம் சாய்ந்து வந்ததையும் பற்றி அவரிடம் நான் கேட்டவை தனிக் கட்டுரைக்குக் காணும். அந்த விளையாட்டும் ஒருவகைப் பந்தயம்தான், எதிராளி இல்லாத பந்தயம். அங்கே ஆளைக் கண்ணைவிட்டு மறையவே விடமாட்டார்கள். ஒரே வட்டம். பார்க்கிறவனுக்கு அலுத்துப்போகும் வரை பார்க்கலாம்.

அவர் வண்டியைப் புரட்டிப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். கூடை, வலை, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர். எடுத்த இரும்பைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் பார்த்து, "நாலஞ்சு கிலோ மாமா" என்றாள் மருமகள். பிறகு ரிம் கோட்டம் எடுத்தார். பால்ஸ் மாற்றினார். கடைசியில் பின்சக்கரத்தின் பிரிவீலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பின்னால் 16 போடட்டுமா?

இந்த இரண்டு பல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த வண்டியில் ஒரு முழு மிதிக்குச் சுமார் ஐந்து மீட்டர் போகலாம். பின்பல்லை 16 ஆக்கினால் ஐந்தரை மீட்டருக்கு மேல். 15 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூவாயிரம் மிதிகள் என்றால் அதில் முந்நூறு மிதிகள் மிச்சம். ஆனால் ஒவ்வொரு மிதியும் கனக்கும், புறப்படும்போது நெஞ்சைப் பிடிக்கும், ஏற்றத்தில் காலைக் கொல்லும். கியர் உள்ள வண்டிக்காரன் இதை வழியில் முடிவு செய்துகொள்ளலாம். இங்கே கடையிலேயே முடிவு செய்துவிட்டுப் புறப்படவேண்டும். நான் 18 போதும் என்றேன். அவள் 16 என்றாள். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து ஸ்பேனரை எடுத்தார்.

கொட்டாம்பட்டியிலிருந்து சிங்கம்புணரி கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையில் விடியற்காலையில் போனால் தேங்காய் நார் வாசனைதான் முதலில் வரும். சிங்கம்புணரி கயிற்றுக்குப் பேர்போன ஊர். சாலையோரக் களங்களில் நாரைப் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள். போகப் போக இடதுபுறம் பிரான்மலை எழும். பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் எப்படித்தான் வீடு திரும்பினாரோ என்று அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து வருவதால் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். போகும்போது அவள் பாட்டு முணுமுணுப்பாள். திரும்பும்போது ஒரு வார்த்தை வராது.

காற்றைப் பற்றி நான் படித்ததை அவளுக்குச் சொன்னேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒருவர் பின்னால் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிப் போகிறவருக்கு அந்த எதிர்ப்பில் பெரும்பகுதி குறையும். ஐரோப்பியப் பந்தயங்களில் அப்படிப் போகிறவர் தம் உழைப்பில் கால் பங்குக்கும் மேல் மிச்சப்படுத்துவார். நம் வண்டிகளின் வேகத்துக்கு அவ்வளவு இராது, ஆனாலும் உண்டு. 'அப்ப முன்னால போறவகளுக்கு?' என்றாள். 'அவங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் அவங்கதான் வாங்கிக்கிறாங்க' என்றேன். அதற்குப் பின் என்னை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் போகச் சொல்லி, பின்னால் ஒட்டி வந்து பழகினாள். கண்ணாடியில் பார்த்தால் முகம் பெரிதாக, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் என் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வரும். அவளை நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்தது அந்தச் சிறிய கண்ணாடிக்குள்தான். பந்தய நாளில் அதுவும் இல்லை.

அந்த வாரங்களில் அக்காள் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. நாங்கள் திரும்பும் நேரத்துக்குக் கேப்பைக்கூழ் கரைத்து வைத்திருப்பாள். "எம்புட்டு நேரமாச்சு?" என்று என்னைக் கேட்பாள், மகளைக் கேட்கமாட்டாள். நான் நிமிடத்தைச் சொல்வேன். ஒருநாள் நேற்றையதைவிட ஒன்றரை நிமிடம் அதிகம் என்று சொன்னபோது, "காத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

2019 செப்டம்பர். மதுரை நகருக்கு வடக்கே ஒரு சாலையில் போட்டி. விடியுமுன் போய்ச் சேரவேண்டும். முந்தின இரவுதான் மச்சான் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். தூங்கியிருக்க மாட்டார். யாரிடமோ ஒரு குட்டியானை கேட்டு வாங்கி, சைக்கிளைப் பின்னால் ஏற்றி, கயிறு கட்டும்போது சக்கரத்துக்குக் கீழே பழைய மெத்தை ஒன்றைச் சுருட்டி வைத்தார். அக்காளும் ஏறிக்கொண்டாள். வழியில் மேலூரில் தேநீர். மகளுக்கு மட்டும் வாங்கித் தரவில்லை, பாதியில் வயிறு பிடிக்கும் என்று. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புறப்படும் இடத்தில் பெரிய கூட்டம். பெரும்பாலும் தகப்பன்மார், உடற்கல்வி ஆசிரியர்கள், தம்பிமார். தாய்மார் குறைவு. வந்தவர்கள் ஒருவர் அருகில் ஒருவர் சேர்ந்து நின்றுகொண்டார்கள், முன்பின் தெரியாவிட்டாலும். கைப்பிடியில் எலுமிச்சம்பழம் சொருகிய வண்டி, டயரில் மஞ்சள் தடவிய வண்டி, மணிக்குப் பக்கத்தில் சிலுவை கட்டிய வண்டி. தேய்ந்து வழுக்கையான டயரோடு ஒரு சிறுமி வந்திருந்தாள். என் மருமகள் அவள் வண்டியைப் பார்த்துவிட்டு, தன் வண்டியைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் காற்றடிக்கும் பம்பை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தாள்.

பதினேழு வயதுக்குட்பட்ட மாணவியர் என்று அழைத்தார்கள். கொடி அசைந்தது. நாற்பது சைக்கிள்கள் ஒரே நேரத்தில் கிளம்பும் ஓசையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. இரும்பும் ரப்பரும் மூச்சும் சேர்ந்த ஒன்று. 16 பல் காரணமாக அவள் கிளம்பியது மெதுவாக. முதல் நூறு மீட்டரில் கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாக இருந்தாள். நீலநிற முதுகு ஒன்று எழுந்து எழுந்து மிதிப்பது தெரிந்தது. பிறகு வளைவு. பிறகு சாலை.

சொன்னேனே, சாலையைத்தான் பார்க்கவேண்டும் என்று. அக்காள் என் பக்கத்தில் நின்றாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். ஐந்து நிமிடம் கழித்து மச்சானைக் காணோம் என்பது எனக்கு உறைத்தது. குட்டியானையும் இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை. 'விடு தம்பி, அவரு வந்துருவாரு' என்றாள் அக்காள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

காத்திருக்கும்போது மனம் எப்படிப் போகிறது என்பது விசித்திரம். ஜெயிப்பாளா என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு செயின் நழுவுமா என்று. பிறகு முன்னால் போகிறவள் சட்டென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும், ஒரு முழ இடைவெளியில் ஒட்டிப் போகச் சொன்னவன் நானல்லவா என்று. பிறகு லாரி. காவலர்கள் நிற்கிறார்கள், ஆம்புலன்ஸ் நிற்கிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் கேபினிலிருந்து பார்த்தால் சைக்கிள் தெரியாது என்ற ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. அக்காள் அப்போது எதிர்பாராமல் பேசினாள்.

"அன்னைக்கு ஆத்தா திண்ணையில உக்காந்திருந்துச்சுல்ல, அது என்னையப் பாத்துச்சா?"

இருபத்தேழு ஆண்டுகளில் அந்தப் போட்டியைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பார்த்தாள் என்றேன். எழுந்து நின்று பார்த்தாள் என்றேன். அது உண்மைதான். புழுதி அடங்கும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள் எங்கள் அம்மா.

முப்பத்தாறாவது நிமிடத்தில் விசில் கேட்டது. முதலில் ஒருத்தி தனியாக வந்தாள், வெகு தூரம் முன்னால், எந்தத் தொல்லையும் இல்லாதவள்போல. அடுத்து சற்று இடைவெளி. அதன்பின் நாலைந்து பேர் ஒரே கொத்தாக. அந்தக் கொத்தில் நீலம் இருந்தது. கடைசி இருநூறு மீட்டரில் நீலம் வெளியே வந்தது, இருக்கையை விட்டு எழுந்து, முழு உடம்பையும் ஒரு பெடலிலிருந்து இன்னொரு பெடலுக்கு மாற்றி மாற்றி. நான் கத்தினேன் என்று பிறகு தெரிந்தது, தொண்டை வலித்ததால். அக்காள் கத்தவில்லை. கோட்டைத் தாண்டும்போது நான்காவது. மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு சக்கரம் இடைவெளி. 2000 ரூபாய்க்கும் 250 ரூபாய்க்கும் இடையிலுள்ள தூரமும் அதுதான்.

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. காலை ஊன்றி, கைப்பிடியில் நெற்றியை வைத்து, அப்படியே நின்றாள். பக்கத்தில் போனபோது, "காத்து மாமா, திரும்புறப்ப எல்லாரும் எம் பின்னாலயே ஒட்டிக்கிட்டாளுக" என்றாள். பிறகு, "அப்பா எங்கிட்டு நின்னாரு தெரியுமா?" என்றாள்.

திரும்பும் இடத்தில் நின்றிருக்கிறார். அங்கே குறுக்கே ஒரு கிளைச்சாலை வந்து சேர்கிறது. காவலர் ஒருவர் இருந்தாராம். அது போதாது என்று இவர் குட்டியானையைக் கிளைச்சாலையின் வாயில் குறுக்காக நிறுத்தி, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி, வருகிற வண்டிகளையெல்லாம் மறித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு லாரி டிரைவர் இவரைத் திட்டியிருக்கிறார். இவரும் திட்டியிருக்கிறார். மகள் வளைந்து திரும்பும்போது அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ப்பக்கத்தை. "என்னைய ஒரு தடவ பாருங்கப்பான்னு கத்துனேன் மாமா, திரும்பவே இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். மற்றப் பெண்களும் சிரித்தார்களாம்.

இதன்பின் சொல்வதற்கு அதிகமில்லை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவள் வயது கடந்துவிட்டது. அதுவும் 2020, எந்தப் போட்டிதான் நடந்தது? மீண்டும் உலகம் இயங்கத் தொடங்கியபோது, சிவகங்கைப் பக்கத் திருவிழா ஒன்றில் சைக்கிள் எல்கைப் பந்தயம் என்று நோட்டீஸ் பார்த்து விசாரிக்கச் சொன்னாள். விசாரித்தேன். விழாக்குழுவில் ஒரு பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். பெண் பிள்ளைகள் ஓட்டுவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் எத்தனை பேர் வருவார்கள், ஒருத்திக்காக ஒரு பிரிவு வைக்க முடியுமா, ஆண்களோடு ஓடவிட்டால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். பதினேழு வயது வரை அரசு ஓட்டச் சொல்கிறது, வண்டியும் கொடுக்கிறது, பரிசும் கொடுக்கிறது. பதினெட்டில் அவள் எங்கே போய் ஓட்டுவாள் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பையன்களுக்குத் திருவிழாக்கள் இருக்கின்றன. நகரங்களில் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் குழுக்கள் இருக்கின்றன. கொட்டாம்பட்டியில் கியர் இல்லாத ஒரு பெண்கள் சைக்கிளோடு நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு சிங்கம்புணரிச் சாலை இருக்கிறது, அவ்வளவுதான். அவளும் சில மாதங்கள் தனியாகப் போய் வந்தாள், நேரம் குறித்துக்கொண்டு. பிறகு படிப்பு, விடுதி, வேலை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். தொலைபேசியில் பேசும்போது சைக்கிள் பேச்சு வந்தால், அந்த மூன்றாவதாக வந்த பெண்ணின் பெயரை இன்றைக்கும் சொல்கிறாள்.

சைக்கிள் கொட்டாம்பட்டியிலேயே இருக்கிறது. கடைக்காரர் கூடையையும் கேரியரையும் ஸ்டாண்டையும் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார். காலையில் பால் ஊற்றப் போவதற்கு அக்காள் அதைத்தான் எடுக்கிறாள். எப்போது தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. சென்ற பொங்கலுக்குப் போனபோது தெருமுனையில் எதிரே வந்து இறங்கினாள், மூச்சு வாங்க. பாலத்து ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை, கால் முட்டி வலிக்கிறது என்றாள். பின்னால் இன்னும் 16 பல்தான் இருக்கிறது, கடையில் கொடுத்து 18 மாற்றிக்கொள்ளேன் என்றேன்.

"அது கெடக்கட்டும். அவ வந்தா கேப்பா" என்றாள்.